நாள்கணக்கில் அளந்த பூமி



பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குரிய தொலைவை நம் இமாம்கள் எப்படி வகுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஷாஃபி மத்ஹபில் இரண்டு மர்ஹலா; ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணம். மர்ஹலா என்பது சுமையேற்றிய ஒட்டகம் ஒரு பகலில் கடக்கும் வழி. கிலோமீட்டர்க் கணக்குப் பிற்காலத்தில் வந்தது. முன்னோர்க்குத் தொலைவு என்றால் நாள்தான். அரசர்களுக்கும் அப்படியே.

தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சி மதுரைவரை நீண்டிருந்தது. அவருடைய அஞ்சலைக் கண்டு வியந்தவர் பயணி இப்னு பதூதா. சிந்துவிலிருந்து தில்லிக்குப் பயணிக்கு 50 நாள். அஞ்சலுக்கோ 5 நாள் என்கிறார். மைலுக்கு மூன்று நிலையங்கள். மணி கட்டிய கோலுடன் ஓடிவரும் ஆளின் ஓசை கேட்டதுமே அடுத்தவன் புறப்படத் தயாராகிவிடுவான். (திருவிதாங்கூரின் அஞ்சல் ஓட்டக்காரரும் மணிக்கோலுடன்தான் ஓடினார்!)

ஆனால் செய்தியின் வேகம் வேறு, படையின் வேகம் வேறு. தில்லியிலிருந்து மதுரைக்கு இன்றைய சாலைவழி ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் மூன்று மாதம். 1327-இல் துக்ளக் தலைநகரைத் தேவகிரிக்கு, அதாவது தவ்லதாபாத்துக்கு மாற்றியதைப் பித்தன் செயல் என்று கேலி செய்வோர் உண்டு. மக்களை வற்புறுத்திப் பெயர்த்தது கொடுமைதான். ஆனால் அவர் கண்ட சிக்கல் பொய்யன்று. 1335 அளவில் மதுரையில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தனியரசு அறிவித்தார். சுல்தானே படையுடன் புறப்பட்டார். வாரங்கல்லில் கொள்ளைநோய் படையைத் தின்றது; திரும்பிவிட்டார். மதுரை சுல்தானகம் அதன்பின் நாற்பது ஆண்டுகள்போல் நீடித்தது.

இனி நம் சுசீந்திரத்துக்கு வாருங்கள். நாஞ்சில் நாட்டுக்குக் கிழக்கு வாசல் ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கிருந்து மதுரை ஒரு வாரத்துக்குக் குறையாத நடை. பத்மநாபபுரமோ சுசீந்திரத்திலிருந்து ஒரு பகல் நடை. மதுரை நாயக்கர் படையின் வலிமைக்கு முன் வேணாடு சிறிது. 1634-இல் கணியாகுளத்தில் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்தார். 1697-இல் மங்கம்மாளின் படையும் வந்து வென்றது. ஆயினும் வந்தவர்கள் திறையுடன் திரும்பினார்கள், தங்கி ஆளவில்லை. வயலை இழந்து நின்ற உழவனுக்கு இதில் என்ன ஆறுதல்? தொலைவிலிருந்து வந்த அரசு, அவனிடம் வாங்கிச் செல்ல வந்ததேயன்றி, அவன் வழக்கைக் கேட்க நின்றதில்லை.

1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மொழியால் அது சொந்த வீடு. ஆனால் 75 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தலைநகர் 700 கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. மனுக்கொடுக்கச் செல்பவர் கணவாய் வழியே திருநெல்வேலிவரை பேருந்தில் போய்த்தான் சென்னை இரயிலைப் பிடிக்க வேண்டும். நாகர்கோவிலுக்கு இரயில் முதலில் வந்ததும் திருவனந்தபுரத்திலிருந்துதான், 1979-இல். திருநெல்வேலிப் பாதை 1981-இல் திறக்கப்பட்டது. இணைப்பு நடந்து அதற்குள் 25 ஆண்டுகள் ஓடியிருந்தன.