லெடோ சாலையும் நிறப்பிரிவினைப் படையும்

முன்னுரை

இரண்டாம் உலகப்போர் பற்றிய நூல்களில் அசாமின் கிழக்குக் கோடியிலுள்ள லெடோ என்னும் சிற்றூர் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகிறது. 1942 டிசம்பரில் இவ்வூரிலிருந்து பட்காய் மலைத்தொடரை ஏறிக் கடந்து, வடபர்மாவின் காடுகளை ஊடறுத்துப் பழைய பர்மாச் சாலையோடு சென்று இணையுமாறு ஒரு சாலை அமைக்கும் பணி தொடங்கியது. அதில் ஈடுபட்ட அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுள் நூற்றுக்கு அறுபதின்மர் ஆப்பிரிக்க அமெரிக்கர். அன்றைய அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒரு பங்கினரே என்பதை நினைவிற்கொண்டால் இவ்வெண்ணிக்கை தற்செயலானதன்று என்பது புலனாகும். அவர்கள் ஏன் அங்குக் கொண்டுவரப்பட்டனர், அங்கு என்ன செய்தனர், அச்செயல் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

படைக்குள் வகுத்த கோடு

1940 செப்டம்பரில் நிறைவேறிய கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் ஆட்சேர்ப்பில் நிறவேற்றுமை காட்டலாகாது என்றது. அடுத்த மாதமே போர்த்துறை தன் கொள்கையை அறிவித்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே படைப்பிரிவில் கலக்கப்படமாட்டார் என்பதே அதன் சாரம். சட்டம் வாயிலைத் திறந்தது. கொள்கை உள்ளே சுவர் எழுப்பியது. இச்சுவருக்கு 'ஆய்வு' என்ற பெயரில் அடித்தளமும் இடப்பட்டிருந்தது. 1925-இல் அமெரிக்கப் படைத்துறைப் போர்க்கல்லூரி அணியம் செய்த அறிக்கையொன்று கறுப்பினத்தவர் துணிவிலும் அறிவிலும் தாழ்ந்தவர் என முடிவுகட்டியது. முன்முடிபைச் சான்றாகக் காட்டும் இத்தகைய 'ஆய்வு' நம் நாட்டுக் குடியேற்ற ஆட்சிக்கால ஆவணங்களில் பயின்றோர்க்குப் புதிதன்று. போர்க்குணம் உடைய இனம், இல்லாத இனம் என ஆங்கிலேயர் இந்தியரைப் பகுத்ததும் இவ்வகையினதே.

இதன் விளைவு வேலைப்பகிர்வில் தெரிந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க ஆயுதப்படைகளில் பணியாற்றிய பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கருள் பெரும்பாலோர் பொறியியல், வழங்கல், போக்குவரத்து ஆகிய துணைப்பிரிவுகளுக்கே அனுப்பப்பட்டனர். துப்பாக்கி ஒருவனுக்கு, மண்வெட்டி மற்றொருவனுக்கு என்ற பகுப்பு இது. அவர்களை நடத்திய அதிகாரிகளோ பெரும்பாலும் வெள்ளையர். காயம்பட்டோர்க்குச் செலுத்தும் குருதியிலும் கோடு கிழிக்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பினத்தவர் குருதியை ஏற்க மறுத்தது. 1942 தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டபோதும் அதனைத் தனியே பிரித்து வைத்தது. குருதிக்கு நிறவேறுபாடு கிடையாது என்பதை அறிவியல் அப்போதே அறிந்திருந்தது.

பிட்ஸ்பர்க் கூரியர் என்னும் கறுப்பின வார ஏடு 1942 பிப்ரவரியில் 'இரட்டை வெற்றி' இயக்கத்தைத் தொடங்கியது. வெளிநாட்டில் பாசிசத்தின்மேல் ஒரு வெற்றி, தாய்நாட்டில் நிறவெறியின்மேல் மற்றொரு வெற்றி என்பது அதன் முழக்கம். அதே ஆண்டு ஜூலை முதல் நாள் காந்தியடிகள் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டுக்கு ஒரு மடல் எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவிற்குள் நீக்ரோ சிக்கல் நீடிக்கும்வரை, நேசநாடுகள் விடுதலைக்காகப் போரிடுவதாகக் கூறுவது வெற்றொலியே என்பது அதன் கருத்து. அம்மடல் எழுதப்பட்ட ஆறு திங்களுக்குள் அக்கறுப்பின வீரரே இந்திய மண்ணில் பாறை உடைத்துக்கொண்டிருந்தனர்.

மழையும் மண்ணும்

சப்பானியர் 1942-இல் பர்மாவைக் கைப்பற்றியதால் சீனத்திற்குப் பொருள் செல்லும் தரைவழி அறுபட்டது. இமயத்தின் கிழக்கு முனையைக் கடந்து வானூர்திகள் பொருள் சுமந்தன. அதற்குத் துணையாகத் தரைவழியொன்று வேண்டும் எனத் தளபதி ஸ்டில்வெல் வலியுறுத்தினார். பணிக்கு முதலில் வந்தவை 45-ஆம் பொறியியல் படைப்பிரிவும் 823-ஆம் வானூர்திப் பொறியியல் அணியும் ஆகும். இரண்டும் கறுப்பின வீரர்களாலானவை. பின்னது வானூர்தித் தளம் அமைப்பதற்கென உருவாக்கப்பட்டது. மலைச்சாலை வெட்ட வந்து சேர்ந்தது.

1943 பிப்ரவரி இறுதியில் சாலை பாங்சாவ் கணவாயில் பர்மா எல்லையைத் தொட்டது. பின்னர் மழை வந்தது. வெட்டிய சரிவுகள் ஒரே இரவில் வழுக்கி இறங்கின. புல்டோசர்கள் சேற்றில் புதைந்தன. மலேரியா கூடாரந்தோறும் புகுந்தது. அம்மழைக்காலத்தில் சாலை ஏறத்தாழ நகரவே இல்லை. அக்டோபரில் பொறுப்பேற்ற லூயிஸ் பிக் இரவும் பகலும் பணி நடக்க ஆணையிட்டார். 1943 டிசம்பர் 27-இல் சாலை ஷிங்புவியாங்கை அடைந்தது. அமெரிக்க வீரரோடு ஏறத்தாழ 35,000 உள்ளூர்த் தொழிலாளரும் உழைத்தனர். அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தோரும் அவர்களுள் அடங்குவர். உயிரிழந்த அமெரிக்கர் 1,100-க்கும் மேற்பட்டோர் என்பர். 'மைலுக்கு ஓர் ஆள்' எனும் பெயர் சாலைக்கு அமைந்தது இதனாலேயே. தொழிலாளர் இறப்பை அவ்வாறு எண்ணிச் சொல்வார் இலர். பிரிவினையால் தாழ்த்தப்பட்டோர்க்கும் கீழே எண்ணப்படாதோர் இருந்தனர் என்பதை இங்குச் சுட்டாமல் செல்ல இயலவில்லை.

இச்சாலையின் வரலாற்றில் ஹெர்மன் பெரி என்னும் வீரரின் கதை தனித்து நிற்கிறது. 849-ஆம் வானூர்திப் பொறியியல் அணியைச் சேர்ந்த அவர் முன்பே லெடோவின் படைச்சிறையில் தண்டனை துய்த்தவர். 1944 மார்ச் 5-இல் தம்மைப் பிடிக்க வந்த வெள்ளையின அதிகாரி ஒருவரைச் சுட்டுக்கொன்று காட்டிற்குள் ஓடினார். நாகர் சிற்றூரொன்று அவருக்கு இடமளித்தது. அங்கே மணமும் செய்துகொண்டார். பிடிபட்டார், தப்பினார், மீண்டும் பிடிபட்டார். 1945 மார்ச் 15-இல் தூக்கிலிடப்பட்டார். பிரெண்டன் கோர்னர் எழுதி 2008-இல் வெளிவந்த நூல் வழியாகவே இச்செய்தி பரவலாக அறியப்பட்டது. கொலையை நியாயப்படுத்த வேண்டுவதில்லை. ஆயினும் அச்சிறையும் சாலையும் ஒரு மனிதனை எந்த விளிம்பிற்குத் தள்ளின என்று வினவாமல் அவரை வெறும் குற்றவாளியாக எழுதி முடிப்பது வரலாறாகாது.

மதிப்பீடு

1945 ஜனவரி 12-இல் லெடோவிலிருந்து புறப்பட்ட முதல் வண்டித்தொடர் 1,079 மைல் கடந்து பிப்ரவரி 4-இல் குன்மிங் நகரை அடைந்தது. சியாங் கை-ஷேக் சாலைக்கு ஸ்டில்வெல்லின் பெயரைச் சூட்டினார். அதே ஸ்டில்வெல்லைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு சில திங்களுக்கு முன் வற்புறுத்தியவரும் அவரே.

சாலை பயன்பட்டதா என்ற வினா இன்றும் எழுப்பப்படுகிறது. 1945 ஜூலையில் வான்வழியே சென்ற பொருள் 71,000 டன். சாலைவழியே சென்றது 6,000 டன். பணி முடியுமுன் அதன் தேவை முடிந்துவிடும் எனச் சர்ச்சில் முன்பே ஐயுற்றிருந்தார். எண்கள் அவர் பக்கமே நிற்கின்றன. எனினும் திட்டத்தின் பிழையை அதனை வகுத்தோர் கணக்கிலேயே எழுத வேண்டும். 1925 அறிக்கை அறிவும் துணிவும் அற்றவர் என இகழ்ந்த மக்கள், அவ்விரண்டும் இன்றி வெட்டவே இயலாத சாலையை வெட்டி முடித்தனர் என்பது வேறு கணக்கு.

தமிழ்ப் புறத்திணை மரபு ஆநிரை கவர்ந்தோனுக்கும் மீட்டோனுக்கும் துறை வகுத்தது. மீட்டு மடிந்தவனுக்குக் கல் நட்டது. படை செல்ல வழி திருத்தியவனுக்கெனத் துறையொன்றைத் தனியே வகுக்கவில்லை. இக்குறை நம் மரபிற்கு மட்டும் உரியதன்று. 1948 ஜூலை 26-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை படையில் பிரிவினையை ஒழிக்க வழிகோலியது. ஆனால் அப்போரில் காட்டிய வீரத்திற்கு நாட்டின் உயர்ந்த பதக்கம் ஆப்பிரிக்க அமெரிக்கர் எவருக்கும் அப்போது வழங்கப்படவில்லை. 1997 ஜனவரியில் எழுவருக்கு வழங்கப்பட்டபோது அவர்களுள் வெர்னான் பேக்கர் ஒருவரே உயிரோடிருந்தார். எழுவருள் அறுவர் களத்தில் போரிட்டவர்கள். ஏழாமவரான ஜார்ஜ் வாட்சன் வழங்கல் பிரிவினர். 1943-இல் நியூகினிக் கடற்பகுதியில் தாக்குண்ட கப்பலிலிருந்து தோழர்களைக் காப்பாற்றித் தாம் மூழ்கியவர். லெடோ சாலையில் உழைத்தவர் எவரும் அவ்வெழுவருள் இல்லை.