முட்டை, மீன், பாசி: பாதரசத்தின் உண்மைக் கணக்கு

நாமக்கல் என்றால் முட்டை. மேட்டூர் என்றால் அணையும் அணை மீனும். இந்த இரண்டுக்கும் பாதரசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். அந்தச் சம்பந்தம் முதலில் தெரியவந்தது சேலம், நாமக்கல் பக்கத்தில் அல்ல. வெகு தூரத்தில், வடதுருவத்தை ஒட்டிய சுவீடன் நாட்டில்!

சுவீடன் விவசாயிகள் 1940களில் ஒரு புது விதை நேர்த்தி மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். விதையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மெத்தில் பாதரசம் கலந்த மருந்து அது. விளைச்சலுக்கு நல்லதாக இருந்தது. ஆனால் 1950களில் வயல்வெளிகளில் விதை பொறுக்கும் பறவைகள் செத்து விழுந்தன. அவற்றைத் தின்ற வல்லூறு போன்ற பறவைகளும் குறைந்தன.

மருந்துதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? விஞ்ஞானிகள் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த பழைய பறவைகளின் இறகுகளை எடுத்துச் சோதித்தார்கள். சுமார் நூறு வருடத்து இறகுகளில் பாதரசம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. 1940க்குப் பிறகு சட்டென்று ஏறியது. மருந்துக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் சொல்லாததை இறகு சொல்லிவிட்டது.

அடுத்து முட்டை. 1960களின் நடுவில் சுவீடன் கோழி முட்டைகளில் மற்ற ஐரோப்பிய நாடுகளின் முட்டைகளைவிடப் பாதரசம் அதிகம் இருப்பது தெரிந்தது. மருந்து போட்ட விதையிலிருந்து விளைந்த தானியம் தீவனமாகி, கோழிக்குப் போய், முட்டையில் வந்து சேர்ந்திருந்தது. அதிலும் பெரும்பகுதி வெள்ளைக் கருவில்! 1966ல் அந்த வகை மருந்தைத் தடை செய்ததும் முட்டையில் பாதரசம் குறைந்தது. தீவனம் மாறினால் முட்டை மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏரிக்குள் நடந்தது என்ன?

ஆனால் ஒரு புதிர் மிச்சம் இருந்தது. வயலே இல்லாத காட்டு ஏரிகளின் மீன்களிலும் மெத்தில் பாதரசம் இருந்தது. அந்த ஏரிகளுக்குக் காகித ஆலைகளிலிருந்தும் காஸ்டிக் சோடா ஆலைகளிலிருந்தும் வேறு வகைப் பாதரசம்தான் போயிருந்தது. அது எப்படி மெத்தில் பாதரசமாக மாறியது?

1969ல் யென்சன், யெர்னெலோவ் என்ற இரு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். ஏரியின் அடியில் உள்ள சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே சாதாரண பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. காற்றுப் புகாத சேறுதான் இதற்குத் தோதான இடம்.

இந்த மாற்றம்தான் கதையின் மையம். சாதாரணப் பாதரசத்தை விழுங்கினால் அதில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடும். அதன் ஆவியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. ஆனால் மெத்தில் பாதரசம் உணவோடு போனால் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடும். மூளைக்குள்ளும் போகும், தாயிடமிருந்து கருவில் உள்ள குழந்தைக்கும் போகும். உடம்பிலிருந்து வெளியேற மாதக்கணக்கில் ஆகும்.

எனவே நீரில் இருக்கும் துளியூண்டு பாசியில் சேர்கிறது. பாசியைத் தின்னும் பூச்சியில் இன்னும் கொஞ்சம், பூச்சியைத் தின்னும் சிறு மீனில் இன்னும் கொஞ்சம். சிறு மீனைத் தின்னும் பெரிய மீனுக்கு வரும்போது நீரில் இருந்ததைப் போலப் பத்து லட்சம் மடங்கு அடர்த்தியாகிவிடும். நீரைச் சோதித்தால் சுத்தம், மீனைச் சோதித்தால் விஷம்!

பூனைகள் சொன்ன சாட்சி

சுவீடனில் பறவைகள் செத்த அதே காலத்தில் ஜப்பானின் மினமாட்டாவில் பூனைகள் வெறிபிடித்தாற்போல் ஆடிச் செத்தன. விரிகுடா மீனைத் தின்ற பூனைகள் அவை. பிறகு மீனவக் குடும்பங்கள் நடக்க முடியாமலும் பேச முடியாமலும் விழுந்தன. 1956 மே 1ந் தேதி இந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை தன் கழிவை விரிகுடாவில் விட்டுக்கொண்டிருந்தது. ஆலை மருத்துவரான ஹோசோகாவா 1959ல் அந்தக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. ஆலை அந்த முடிவை வெளியிடவில்லை. 1968 வரை கழிவு ஓடியது. அந்த ஒன்பது வருடத்துக்கு விலை கொடுத்தவர்கள் மீனவர்கள்.

காற்றில் ஏறும் உலோகம்

பாதரசத்துக்கு இன்னொரு குணம் உண்டு. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவியானது மாதக்கணக்கில் காற்றில் மிதக்கும். அதற்குள் உலகத்தையே சுற்றி வந்துவிடும். பக்கத்தில் ஒரு ஆலைகூட இல்லாத வடதுருவப் பகுதியில், சீல், திமிங்கிலம் உண்டு வாழும் இனுயிட் மக்களின் உடம்பில் பாதரசம் அதிகம் இருப்பது இதனால்தான். 1995ல் கனடாவின் வடகோடியில் உள்ள அலர்ட் என்ற இடத்தில் ஒரு விசித்திரம் பதிவானது. நீண்ட துருவ இரவு முடிந்து வசந்தத்தில் சூரியன் எழும்போது காற்றில் இருந்த பாதரசம் திடீரென்று குறைந்தது. அது மாயமாகவில்லை. வேதிமாற்றம் அடைந்து பனியில் படிந்திருந்தது. பனி உருகினால் அது நீருக்கும், நீரிலிருந்து மீனுக்கும் போகும்.

கொடைக்கானல்

இதே கதையின் தமிழ்நாட்டு அத்தியாயம் கொடைக்கானலில் நடந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியிடம் இருந்தது, 1998ல் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும். மிச்சம் மட்டும் மலையில் தங்கும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் கிடந்ததை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வளரும் நாட்டிலிருந்து இப்படி விஷக் கழிவு வளர்ந்த நாட்டுக்குத் திரும்பிப் போவது மிக அபூர்வம்.

கண்ணாடி போய்விட்டது. ஆவியாகிப் போனது? ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் மரங்களிலும் பாறைகளிலும் ஒட்டி வளரும் பாசியையும் மரப்பாசியையும் சேகரித்துச் சோதித்தார்கள். பாசிக்கு மண்ணில் ஊன்றும் வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் அது பிடித்து வைக்கும். ஆலைக்குப் பக்கத்தில் எடுத்த பாசியில், தொலைவில் எடுத்ததைவிடப் பல மடங்கு பாதரசம் இருந்தது. 2006ல் வெளியான அடுத்த ஆய்வில் கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் பதிவானது. தொலைவில் உள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளில் இருந்தது அதில் ஒரு சிறு பங்குதான். கொடை ஏரிச் சேற்றில் மெத்தில் பாதரசமும் உருவாகியிருந்தது. சுவீடன் ஏரிகளில் கண்டுபிடித்த அதே வேலையை இங்குள்ள நுண்ணுயிரும் செய்துகொண்டிருந்தது!

ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் பத்து வருடம் நடந்து, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாமா, அதைவிடக் குறைக்க வேண்டுமா என்ற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது.

மேட்டூர் பக்கம்

சேலம் மாவட்டத்தில் தெர்மாமீட்டர் ஆலை இல்லை. நிலக்கரி உண்டு. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 1987 முதல் 1990க்குள் தொடங்கிய 210 மெகாவாட் அலகுகள் நான்கு. 2013ல் சேர்ந்த 600 மெகாவாட் அலகு ஒன்று.

ஒரு டன் நிலக்கரியில் பாதரசம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரைதான் இருக்கும். கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் 210 மெகாவாட் அலகு ஒன்று முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 3,000 டன் எரியும். அப்படியானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை பாதரசம் கொதிகலனுக்குள் போகிறது. அதில் ஒரு பங்கு சாம்பலில் தங்கும். மிச்சம் புகைபோக்கி வழியே மேலே போகும்.

மத்திய அரசு 2015 டிசம்பரில் அனல்மின் நிலையப் புகைக்கு முதல்முறையாகப் பாதரச வரம்பு விதித்தது. ஒரு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம். ஆனால் 2003 முடிவதற்குள் நிறுவப்பட்ட பழைய அலகுகளில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு மட்டுமே அந்த வரம்பு பொருந்தும் என்றது. மேட்டூரின் நான்கு பழைய அலகுகளும் இந்த இடைவெளியில் நழுவிவிட்டன. அவற்றின் பாதரசத்துக்கு அந்த உத்தரவில் வரம்பே இல்லை.

இதற்காக மேட்டூர் மீனைக் கண்டு யாரும் பயந்து ஓட வேண்டியதில்லை. கட்லா, ரோகு போன்றவை பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிரையும் தாவரத்தையும் தின்பவை, உணவுச் சங்கிலியில் கீழ்ப்படி. பாதரசம் அதிகம் சேர வாய்ப்புள்ளது மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும் ஆற்று வாளை போன்றவற்றில்தான். நாமக்கல் முட்டைக்கும் இதே கணக்கு. தீவனத்தில் கருவாட்டுத் தூள் சேர்த்தால் கடல் மீனில் உள்ளது கோழிக்கு வரும் பாதை திறந்தே இருக்கிறது. பாதை இருக்கும் இடத்தில் அவ்வப்போது சோதனை வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியா 2018 ஜூனில் மினமாட்டா உடன்படிக்கையை உறுதி செய்து ஏற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கையே புகைபோக்கியோடு நிற்காமல் மீனிலும் பறவையிலும் பாதரசத்தை அளக்க முயற்சி எடுக்கச் சொல்கிறது. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. சுவீடனில் இறகும் முட்டையும், மினமாட்டாவில் பூனையும், கொடைக்கானலில் பாசியும் சொன்ன பிறகுதான் மனிதர்களின் கணக்கு திருத்தப்பட்டது. வருடத்துக்கு ஒருமுறை மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பத்து வாளை மீனைப் பிடித்து அளந்து, முடிவை ஊருக்குச் சொல்ல அதிகச் செலவு ஆகாது. மினமாட்டாவில் அப்படிச் சொல்லாமல் ஒன்பது வருடம் மறைத்ததற்கு ஆன செலவை யாராலும் எண்ணி முடிக்க முடியவில்லை.