ஆறாவது ஃபில்டர்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அச்சு என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுதான். களிமண் கரைசலை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் அச்சு தண்ணீரை உறிஞ்சும், சுவரோரமாக மண் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொம்மை. மண் மாறினால் சுருங்கும் அளவும் மாறும், அச்சையே திருத்தணும்.

இது தெரிந்தும், ஜாவாவில் படித்த டிசைன் பேட்டர்ன்களை அப்படியே பைத்தானில் ஊற்றினேன். வாடகை வீடு தேடும் ஆப். ஆறு ஃபில்டருக்கு ஆறு கிளாஸ், ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன். பெருமையாகத்தான் இருந்தது.

1994-ல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் எழுதிய புத்தகத்தில் 23 பேட்டர்ன்கள் இருந்தன. உதாரணங்கள் சி பிளஸ் பிளஸ்ஸிலும் ஸ்மால்டாக்கிலும். இரண்டே வருடத்தில் பீட்டர் நார்விக், லிஸ்ப், டிலன் மாதிரி மொழிகளில் அவற்றில் 16 எளிதாகிவிடும், சில கண்ணிலேயே படாது என்று காட்டினார். ஃபங்ஷனையே கையில் எடுத்துக் கொடுக்க முடிகிற மொழியில் ஸ்ட்ராட்டஜிக்குத் தனி கிளாஸ் எதற்கு? சக்கரத்தில் வனைகிறவரிடம் போய் அச்சு கேட்கிற கதை.

பேட்டர்ன் என்ற யோசனையே கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டருடையது. 1987-ல் கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார்கள். நான் தேங்கி நின்றது அவருடைய 1964-ம் வருடத்துப் புத்தகத்தில். அதன் பின்னிணைப்பு குஜராத்தின் ஒரு கிராமம். தண்ணீர், மாடு, விதை, திருவிழா என்று அந்த ஊரின் 141 தேவைகளைப் பட்டியலிட்டு, எது எதோடு பின்னியிருக்கிறது என்று பார்த்து, கணக்குப் போட்டுக் கூறுகளாகப் பிரிக்கிறார். நம்முடைய மாடுலாரிட்டி பாடத்துக்கு ஒரு வேர் இந்திய மண்ணில்! சந்தோஷமாகப் பட்டியலைத் திறந்தேன். முதல் தேவை, ஹரிஜனங்கள் தீட்டாகக் கருதப்படுவது.

அலெக்ஸாண்டர் அதைச் சரி என்று சொல்லவில்லை. ஊர் எதை நம்புகிறதோ அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் குறித்ததும் அது கணக்கில் ஒரு புள்ளி, கிணற்றைப் போல, சாணத்தைப் போல. அதற்கும் ஏற்ற வடிவம் தேடப்படும். 1996-ல் புரோகிராமர்கள் மாநாட்டில் பேசியபோது அதே மனிதர், உங்கள் பேட்டர்ன்களில் அறம் சார்ந்த அக்கறை இருக்கிறதா என்ற கேள்வியை எழுப்பினார்.

என் ஆறு கிளாஸையும் டீமுக்குப் புதிதாக வந்த பையன் ஆறு வரியாகச் சுருக்கினான். "அண்ணா, பைத்தான்ல இவ்ளோதான்ணா." வாடகை, பரப்பளவு, பார்க்கிங், மாடி, முன்பணம். ஆறாவது வரி, சைவம் மட்டும். ரிவ்யூ செய்து அப்ரூவ் கொடுத்தது நான்தான்.