மனதுக்குக் காவல்: ராஜகிருகத்திலிருந்து ரங்கூன் வரை

1954 டிசம்பரில் அண்ணல் அம்பேத்கர் ரங்கூனில் இருந்தார். உலக பௌத்தர் கூட்டமைப்பின் மூன்றாவது மாநாடு அங்கே நடந்தது. உடல்நிலை ஏற்கெனவே மோசமாகியிருந்தது. ஆனாலும் இந்தியாவில் பௌத்தத்தை எப்படி மீட்டெடுப்பது என்ற திட்டத்தை மனதில் சுமந்துகொண்டு போயிருந்தார். அந்த ஆண்டு அதே நகரத்தில் ஆறாவது பௌத்த சங்காயனம் தொடங்கியிருந்தது. அதில் கேள்வி கேட்கும் பொறுப்பை வகித்தவர் மகாசி சயாடோ. துறவு பூணாத சாதாரண மக்களுக்கும் தன் மனதைத் தானே கவனிக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவந்தவர் அவர். பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின், 1952-ல் ஒரு தியான மையத்தை நிறுவி, அதே பயிற்சியை வேறு முறையில் நடத்திக்கொண்டிருந்தார். 1955-ல் தீராத ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் வந்து சேர்ந்தார் எஸ்.என். கோயங்கா என்ற மார்வாடி வணிகர். இன்று ‘விபாசனா’ என்று நாம் கேள்விப்படும் பத்து நாள் மௌன முகாம் அவர் வழியாக இந்தியாவுக்கு வந்தது.

இதை இப்போது நாம் ஏன் தோண்டுகிறோம்? எண்ணங்களைக் கவனித்து மனதை அமைதிப்படுத்தச் சொல்லும் வகுப்புகள் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கின்றன. யாரிடம், எப்போது அதைச் சொல்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு கல்லூரி மாணவர், விடுதியில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டார். புகார் கொடுக்கப் போனவருக்கு முதலில் கிடைத்தது ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பு. கோபம் உங்கள் எண்ணத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். புகார் மனு இரண்டு வாரம் மேசையிலேயே கிடந்தது. இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு நம் தோழர்கள் தியானம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போவதில் வியப்பில்லை. ஆனால், அந்தப் பயிற்சியின் வரலாற்றைப் பார்த்தால் அதை அவர்களிடமே விட்டுவிட நமக்கு மனம் வராது.

முதலில் பயிற்சி என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். பாலி மொழியில் இதற்கான அடிப்படை நூல் சதிபட்டான சுத்தம். பாலியில் ‘சதி’ என்றால் விழிப்போடு நினைவில் வைத்திருத்தல். நம் தமிழ்ச் ‘சதி’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்! உடல், உணர்ச்சி, மனம், மனதில் எழும் பொருள்கள் என நான்கையும் கவனிக்கச் சொல்கிறது அந்த நூல். மனதில் வெறுப்பு இருந்தால் வெறுப்பு இருக்கிறது என்று அறிய வேண்டும். இல்லாவிட்டால் இல்லை என்று அறிய வேண்டும். வெறுப்பே இல்லாததுபோல் நடிக்கும்படி அது கேட்கவில்லை. கோபத்தை விழுங்கச் சொல்வதற்கும், கோபம் வந்திருக்கிறது என்று கண் திறந்து பார்க்கச் சொல்வதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மெல்லத் தணிந்து, அடியில் கிடப்பது தெரியத் தொடங்குகிறது. கலங்கிய குளத்துத் தண்ணீரைக் கையால் தெளிய வைக்க முடியாது, கையை எடுத்தால்தான் வண்டல் இறங்கும். மனம் அடங்குவதும் அப்படித்தான்.

இதைச் செய்தவர்கள் யார்? அரச குமாரர்களும் வணிகர்களும் மட்டுமா? தேரகாதையில் சுனீதர் தன் கதையைத் தானே சொல்கிறார். இழிந்ததாகக் கருதப்பட்ட குடியில் பிறந்தவர், வாடிய பூக்களைக் கூட்டி அள்ளும் வேலை செய்தவர், எதிரே வருவோருக்கெல்லாம் தலை குனிந்து வாழ்ந்தவர். மகதத்தின் தலைநகரான ராஜகிருகத்துக்குள் புத்தர் வருவதைப் பார்த்து, சுமையை இறக்கிவைத்துவிட்டுப் போய்ச் சங்கத்தில் சேர்கிறார். பிறகு காட்டில் தனியே உட்கார்ந்து மனதைப் பழக்குகிறார். கடைசியில் தேவர்களே வந்து அவரை வணங்கியதாகப் பாடல் முடிகிறது. தேவர்கள் வந்தார்களா என்று நாம் தர்க்கம் பண்ண வேண்டியதில்லை. எல்லோரையும் வணங்கிவந்தவன் வணங்கப்படுகிறான் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்க யாருக்கோ துணிச்சல் இருந்திருக்கிறது.

சாக்கியர்களின் நாவிதராக இருந்த உபாலியின் கதையும் அப்படித்தான். தங்கள் குல அகந்தை அடங்க வேண்டும், நாங்கள் இவரை வணங்க வேண்டும் என்று சொல்லி, சாக்கிய இளவரசர்களே உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கச் சொன்னதாக விநயம் கூறுகிறது. தேரிகாதையில் வரும் புண்ணா, தண்ணீர் சுமந்த அடிமைப்பெண். குளிரில் நடுங்கியபடி ஆற்றில் மூழ்கும் பிராமணரிடம், தண்ணீரில் பாவம் கரையுமென்றால் தவளையும் ஆமையும்தானே முதலில் சொர்க்கம் போகும் என்று மடக்கியவர்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி வரலாறுதான் சொன்னவர்கள் ஆவோம். அடிமைகளையும் கடன்பட்டவர்களையும் அரசனின் படைவீரர்களையும் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று அதே விநயத்தில் விதிகள் இருக்கின்றன. எசமானன் விடுவிக்காத அடிமைக்கு மடத்தின் கதவு திறக்கவில்லை. புண்ணாவும் விடுதலை பெற்ற பிறகே பிக்குணியானதாக உரை சொல்கிறது. உட்கார்ந்து மனதைக் கவனிக்க நேரம் வேண்டும்; அந்த நேரம் யாருடைய கையில் இருந்தது என்பது அன்றைக்கும் அதிகாரத்தின் கேள்விதான். பண்ணையில் விடியும் முன் இறங்கிப் பொழுது சாய்ந்து கரையேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டுமா?

பின் வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பயிற்சி பெரும்பாலும் துறவிகளின் சொத்தாக ஒடுங்கிப்போனது. துறவிகளிலும் பலர் ஓதுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது, விந்தையாக, காலனி ஆட்சி. 1885-ல் பிரிட்டிஷ் படை மண்டலையைப் பிடித்து அரசரை நாடுகடத்தியது. சங்கத்தைப் புரக்க அரசன் இல்லை. இனி மதத்தைக் காப்பது சாதாரண மக்களின் வேலை என்று முடிவுசெய்தார் லெடி சயாடோ என்ற துறவி. ஊர் ஊராகப் போய், எளிய பர்மிய மொழியில் எழுதி, குடும்பஸ்தர்களையும் தியானத்துக்கு அழைத்தார். அவருடைய மாணவர்களில் ஒருவரான சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவரிடம் 1937-ல் கற்றவர்தான் ஊ பா கின்.

லெடி சயாடோ பிறந்தது 1846-ல். நம் அயோத்திதாசப் பண்டிதர் பிறந்தது 1845-ல். அங்கே அரசனை இழந்த மக்களிடம் மதத்தை ஒப்படைக்கும் வேலை நடந்தபோது, இங்கே பண்டிதர் 1898-ல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வந்தது. கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன. சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் பிழைக்கப் போன நம் மக்கள்தான் அந்தக் கிளைகளின் பலம். பண்டிதர் மீட்டது வரலாற்றை: நீ பிறப்பால் தாழ்ந்தவன் அல்ல, தாழ்த்தப்பட்டவன் என்ற நினைவை. அதுவும் ஒருவகைச் ‘சதி’தான், பாலிப் பொருளில்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கருக்குத் தீட்சை வழங்கிய சந்திரமணி தேரரும் பர்மியர்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால், அம்பேத்கர் பர்மியப் பயிற்சிமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1957-ல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையில் ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறார். வாழ்வே துக்கம், பிறப்பே துக்கம் என்று சொன்னால் அது மனிதனுக்கு நம்பிக்கையைக் கொடுக்குமா? துக்கத்துக்கு அவரவர் ஆசைதான் காரணம் என்றால், கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டவனின் துக்கத்துக்கு யார் ஆசை காரணம் என்று நாம் அதை நீட்டிக் கேட்கலாம். அதே நூலில் நற்கடைப்பிடியை அவர் தூக்கி எறியவும் இல்லை. தீய உணர்வுகள் தலையெடுக்காமல் மனமே மனதுக்கு நிற்கும் இடைவிடாத காவல் என்று அதை விளக்குகிறார். வெறும் மன ஒருமை போதாது, அது நல்ல செயலை நோக்கித் திரும்ப வேண்டும் என்கிறார். காவல் நிற்பவன் தூங்குவதில்லை, அந்த இடத்தில்தான் அவர் கவனம் இருந்தது.

1969-ல் கோயங்கா இந்தியா வந்தார். 1976-ல் இகத்புரியில் அவருடைய முதன்மை மையம் உருவானது. இகத்புரி இருப்பது நாசிக் மாவட்டத்தில். 1930-ல் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்ததும், 1935-ல் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்த யேவலா இருப்பதும் அதே மாவட்டம். 1994-ல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். கைதிகள் அமைதியடைந்ததை எல்லோரும் பாராட்டினார்கள். மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக தலித்துகள் ஏன் இந்தியச் சிறைகளில் இருக்கிறார்கள் என்பதற்கு எந்த முகாமும் விடை தேடவில்லை. இதற்கு முன்பே, 1979-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் இந்தப் பயிற்சியை மதச்சொற்கள் நீக்கி மன அழுத்தச் சிகிச்சையாக மாற்றியிருந்தார். நோயாளிகளுக்கு அது உதவியது, மறுக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் கைக்கு அது போனபோதுதான் அழுத்தம் தருபவனைப் பற்றிய பேச்சு காணாமல் போனது.

நாங்கள் இப்போது இளைஞர்களோடு செய்வது இதுதான். பத்து நிமிடம், தரையிலோ நாற்காலியிலோ. மூச்சைக் கவனிப்பது. எண்ணம் வந்தால் அதற்கு ஒரு பெயர் வைப்பது: பயம், அவமானம், பழிவாங்கும் ஆசை, வீட்டுக் கவலை. விரட்டுவதும் இல்லை, பின்னாலேயே ஓடுவதும் இல்லை. வன்முறையை அனுபவித்தவர்கள் சிலருக்குக் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே திரும்பி வரும். அவர்களைக் கட்டாயப்படுத்துவது கொடுமை. கண்ணைத் திறந்தபடி, அல்லது நடந்தபடி, ஒரு தோழர் பக்கத்தில் இருக்கச் செய்யலாம். தூக்கமின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் உட்கார வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இதன் பயனை நாங்கள் அதிகம் பார்த்தது புகார் எழுதும்போது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவில், எந்தச் சாதிப் பெயரைச் சொன்னார்கள், பொதுப் பார்வையில் படும் இடமா, யார் கேட்டார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கிறது. அடிபட்டு வந்தவர் ஆத்திரத்தில் பத்து வருடக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லுவார். அன்றைக்குச் சொல்லப்பட்ட அந்த ஒரு வார்த்தை விட்டுப்போகும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஓட்டை போதும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இது நடந்தது, இது நான் நினைத்தது, இது நான் பயப்படுவது என்று பிரித்துக்கொண்டவர் எழுதும் மனுவில் இடமும் நேரமும் சாட்சியும் வார்த்தையும் தெளிவாக இருக்கும். கோபம் குறைந்திருக்காது, அது குறைய வேண்டும் என்று நாங்கள் கேட்பதும் இல்லை. அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன் விசாரணை தேவையில்லை. அதனால் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் எழுந்து வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வரும்வரை காவல் நிலையத்திலேயே உட்காருங்கள்.