ஆபிரிக்க மனித உரிமைகள் ஆணைக்குழு: முறைப்பாடு முதல் முடிவு வரை

கென்யாவின் பொகோரியா ஏரிக்கரையில் வாழ்ந்த எண்டொரொயிஸ் மக்கள், 1970களில் வனவிலங்குச் சரணாலயத்துக்காக வெளியேற்றப்பட்டனர். உள்நாட்டு நீதிமன்றத்தில் பரிகாரம் கிட்டாத நிலையில், 2003இல் அவர்கள் சார்பில் ஆபிரிக்க மனித மற்றும் மக்கள் உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யப்பட்டது.

காம்பியாவின் பஞ்சூலைத் தலைமையகமாகக் கொண்ட இந்த ஆணைக்குழு, 1986இல் நடைமுறைக்கு வந்த ஆபிரிக்க சாசனத்தின்படி செயற்படுகிறது. பாதிக்கப்பட்டவரே முறையிட வேண்டும் என்பதில்லை. ஆனால், சாசனத்தின் 56ஆவது பிரிவு ஏழு நிபந்தனைகளை விதிக்கிறது. அவற்றில் முக்கியமானது, உள்நாட்டுச் சட்ட வழிகள் அனைத்தையும் முதலில் நாடியிருக்க வேண்டும் என்பது. அவ்வழிகள் அளவுக்கு மீறித் தாமதமானால் விதிவிலக்கு உண்டு. முறைப்பாடு ஏற்கப்பட்ட பின்னரே உரிமை மீறப்பட்டதா என்பது ஆராயப்படும்.

கென்யா சாசனத்தை மீறியதாக 2009 நவம்பரில் ஆணைக்குழு முடிவு செய்தது. நிலத்தைத் திருப்பிக் கையளிக்குமாறும், நட்டஈடு வழங்குமாறும் கோரியது. ஆயினும் அது பரிந்துரையே. அதை நிறைவேற்றுமாறு அரசைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இல்லை.

அரசுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்குவது, தான்சானியாவின் அருஷாவில் உள்ள ஆபிரிக்க நீதிமன்றம். அதைத் தனிமனிதர் நேரடியாக அணுக வேண்டுமானால், சம்பந்தப்பட்ட அரசு அதற்கு இணங்கித் தனிப் பிரகடனம் செய்திருக்க வேண்டும். அவ்வாறு செய்திருந்த ருவாண்டா 2016இலும், தான்சானியா 2019இலும், பெனின், ஐவரி கோஸ்ட் ஆகியன 2020இலும் அதைத் திரும்பப் பெற்றன. இதனால், பெரும்பாலான ஆபிரிக்கர்கள் அந்த நீதிமன்றத்தை நேரடியாக அணுக முடிவதில்லை; ஆனால், ஆணைக்குழுவிடம் அவர்கள் நேரடியாக முறையிடலாம்.