திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் ஆட்சிமுறையும் சமூகப் பிணக்குகளும்: இலங்கை வரலாறு

பலர் சேர்ந்து எழுதும் ஒரு நிரலில் எதைச் சேர்ப்பது, எதை மறுப்பது, அந்த முடிவை யார் எடுப்பது, திட்டத்தின் பெயரும் வழங்கியும் பணமும் யார் பொறுப்பில் இருப்பது என்பவற்றை வரையறுக்கும் விதிகளே திறந்த மூல மென்பொருளின் ஆட்சிமுறை. இவற்றில் சில எழுதப்பட்டவை, பல வழக்கத்தில் உள்ளவை. நிரலை எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமம் எல்லோருக்கும் அனுமதி தருகிறது. மூலத் தொகுதியில் கைவைக்கும் அதிகாரத்தை அது எவருக்கும் தருவதில்லை. இத்துறையின் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறந்தன. இலங்கையில் இதன் வரலாற்றை இரண்டு தடங்களில் காணலாம்: அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் இலங்கையர் எடுத்த பங்கு ஒன்று, 2004 சுனாமியின்போது பிறந்த சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் மற்றொன்று.

பொதுச் சொத்தை அதைப் பயன்படுத்துவோரே ஆள முடியும் என்பதற்கு இந்நாட்டின் நீர்ப்பாசனம் பழைய சான்று. மாத்தளை மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளை, கலேவெல பகுதிகள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. அங்கு வேளாண்மை குளங்களை நம்பியது. குளத்து நீர் வயல் முழுவதற்கும் போதாத ஆண்டில், அணைக்கட்டை அடுத்த வயலை மட்டும் பயிரிட்டு, அதைக் காணிக்காரர் எல்லோருக்கும் அவரவர் பங்குக்கு ஏற்ப அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக்கொள்வது உலர் வலயத்தின் 'பெத்ம' வழக்கம். நீர்ப் பங்கீட்டைக் கவனிக்க வெல்விதானை என்ற ஊர் அலுவலர் இருந்தார். எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட பொதுச்சொத்து ஆட்சி பற்றிய நூலில் கல் ஓயா, கிரிந்தி ஓயா ஆகிய இலங்கை நீர்ப்பாசனத் திட்டங்களையும் ஆராய்ந்தார். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு கிடைத்தது. சார்ல்ஸ் ஷ்வைக்கும் ரொபர்ட் இங்கிலிஷும் 2012இல் அதே கோட்பாட்டைத் திறந்த மூலத் திட்டங்களுக்குப் பொருத்தி ஆராய்ந்தனர். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. குளத்து நீர் எடுக்க எடுக்கக் குறையும், நிரல் குறையாது. நிரலில் அரிதாக இருப்பது அதைப் பராமரிப்போரின் நேரமும், முடிவெடுக்கும் இடமும்.

உலக அளவில் இந்த அதிகாரம் வெவ்வேறு வடிவங்களில் அமைந்தது. 1983இல் அறிவிக்கப்பட்ட குனு திட்டம் ரிச்சர்ட் ஸ்டால்மனையும், 1991இல் வெளியான லினக்ஸ் கரு லினஸ் டோர்வால்ட்ஸையும் மையமாகக் கொண்டு வளர்ந்தன. டெபியன் இயங்குதளத் திட்டம் 1998இல் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டு, ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் தலைவரைத் தெரிவுசெய்கிறது. 1999இல் பதிவான அப்பாச்சி அறக்கட்டளையில் தனித் தலைவரின் சொல்லுக்கு மாறாகக் குழுவின் இணக்கம் முதலிடம் பெற்றது. அங்கு ஒரு நிரல் மாற்றத்துக்கு எதிராக, வாக்குரிமை பெற்ற ஒருவர் தொழில்நுட்பக் காரணம் காட்டி எதிர்வாக்கு இட்டால் அம்மாற்றம் நிற்கும். புதிய பதிப்பை வெளியிடுவதற்கோ எதிர்வாக்கு தடையாகாது. குறைந்தது 3 ஆதரவு வாக்குகளும் பெரும்பான்மையும் போதும்.

இலங்கை இவ்வுலகுக்குள் நுழைந்தது அப்பாச்சி வழியாகவே. ஐபிஎம் ஆய்வாளராக இணையச் சேவைத் தரங்களில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண முன்னின்று, 2003இல் லங்கா மென்பொருள் அறக்கட்டளை உருவானது. பிறர் எழுதியதைப் பயன்படுத்துவதோடு நில்லாமல் உலகத் திட்டங்களுக்கு இங்கிருந்தே நிரல் எழுதித் தருவது அதன் நோக்கம். இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி ஆக்சிஸ் குடும்பத் திட்டங்களில் இலங்கை இளைஞர் பலர் நிரல் சேர்க்கும் உரிமை பெற்றனர். 2005இல் வீரவரண, போல் ஃப்ரீமாண்டில் ஆகியோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அவ்வடித்தளத்தில் எழுந்தது. ஆக்சிஸ்2இன் முதல் முழுப் பதிப்பு 2006இல் வந்தது.

இங்கே ஓர் ஆட்சிச் சிக்கல் உண்டு. அப்பாச்சியில் வாக்குரிமை தனிமனிதருக்கே உரியது. அவருடைய முதலாளிக்கு அதில் இடமில்லை. வேலையை விட்டாலும் அந்த உரிமை அவரோடு போகும். ஆனால் ஒரு திட்டத்தில் எழுதுவோரில் பெரும்பகுதியினர் ஒரே நிறுவனத்தின் ஊதியத்தில் இருந்தால், அவர்களின் வாக்குகள் உண்மையில் தனித்தனி வாக்குகளா என்ற ஐயம் எழும். அதனால்தான் புதிதாக வரும் திட்டம் முழுத் தகுதி பெறுமுன், எழுதுவோர் ஒரே இடத்தைச் சார்ந்து நிற்கவில்லையா என்று அப்பாச்சி சோதிக்கிறது. டபிள்யூஎஸ்ஓ2 கையளித்த ஸ்ட்ராட்டோஸ் திட்டம் 2013இல் அச்சோதனைக் கட்டத்துக்குள் நுழைந்து 2014இல் தேறியது. பின்னர் செயற்பாடு ஓய்ந்து, அப்பாச்சி தன் ஓய்ந்த திட்டங்களை வைக்கும் பிரிவுக்கு அது மாற்றப்பட்டது. விதிகள் ஒழுங்காக இருப்பது மட்டும் ஒரு திட்டத்தை வாழவைத்துவிடாது.

சஹானாவின் தொடக்கத்தில் விதிகளுக்கு நேரமே இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தனர். கரையோரமெங்கும் இடைத்தங்கல் முகாம்கள் நிரம்பின. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன உதவி செய்கிறது, எங்கே எது தேவை என்ற கேள்விகளுக்கு ஓரிடத்தில் விடை இல்லை. கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த தொண்டர்கள் லங்கா அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பில் இரவுபகலாக எழுதிய நிரல் சில நாட்களில் இயங்கியது. அதற்குச் சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சஹானா என்ற பெயர் வைக்கப்பட்டது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்னும் திறந்த மூலக் கருவிகள் மீதே அது கட்டப்பட்டது. அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையம் அதைப் பயன்படுத்தியது. இந்நாட்டின் கணினி வரலாற்றில் இதற்கு நிகரான கூட்டு உழைப்பு அரிது.

அவசரம் தணிந்தபின் ஆட்சிக் கேள்விகள் எழுந்தன. தொண்டர்கள் தங்கள் வேலைகளுக்குத் திரும்பினர். விரைந்து எழுதிய நிரலை யாராவது செப்பனிட வேண்டியிருந்தது. சுவீடனின் சிடா நிறுவனத்தின் நிதியுதவியுடன், சமிந்திர டி சில்வாவின் தலைமையில், ஊதியம் பெறும் ஒரு சிறு குழு எந்த நாட்டுக்கும் எந்த அனர்த்தத்துக்கும் பொருந்துமாறு அதைத் திருப்பி எழுதியது. ஊதியம் பெறுவோரும் பெறாதோரும் ஒரே திட்டத்தில் இருக்கும்போது வேலையின் வரிசையை யார் தீர்மானிப்பது என்பது எல்லாத் திறந்த மூலத் திட்டங்களுக்கும் பொதுவான உராய்வு. அனர்த்த மென்பொருளுக்கே உரிய ஒன்றும் இதனுடன் சேர்ந்தது. நிரல் திறந்திருக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் விபரங்கள் திறந்திருக்கக் கூடாது. நிரலை ஆள்வோர் வேறு, தரவை ஆள்வோர் வேறு என்ற பிரிவு இவ்வகை மென்பொருளில் தவிர்க்க முடியாதது.

2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே மண்சரிவு, அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம், 2007இல் பெரு நிலநடுக்கம் எனச் சஹானா நாடு கடந்தது. சமூகப் பயனுள்ள திட்டங்களுக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா. அமெரிக்காவின் ட்ரினிட்டி கல்லூரி மாணவர்கள் தொண்டர் முகாமைத்துவப் பகுதியை எழுதினர். பயன்படுத்துவோரும் எழுதுவோரும் பல நாட்டினரானபின், ஒரு நாட்டின் ஓர் அமைப்பே பெயரையும் பதிப்புரிமையையும் வைத்திருப்பது பொருந்தாததாயிற்று. 2009இல் சஹானா மென்பொருள் அறக்கட்டளை கலிபோர்னியாவில் இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவாகி, திட்டத்தை லங்கா அறக்கட்டளையிடமிருந்து பொறுப்பேற்றது. உறுப்பினர் தெரிவுசெய்யும் பணிப்பாளர் சபையும், ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு திட்ட முகாமைத்துவக் குழுவும் என்ற அதன் அமைப்பில் அப்பாச்சியின் சாயல் தெளிவு. கொழும்பில் பிறந்த ஒன்றின் சட்ட முகவரி அமெரிக்காவுக்குப் போனதை இழப்பாகக் காண்போருக்கும் நியாயம் உண்டு. ஆனால் எந்த நாட்டு அரசும் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்த அது வழி திறந்தது.

புதிய அறக்கட்டளை பிறந்தபோதே திட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஃபிரான் பூன் முன்னின்ற ஒரு குழு சஹானாவைப் பைதான் மொழியில், வெப்2பை சட்டகத்தின் மேல், புதிதாக எழுதத் தொடங்கியிருந்தது. 2010 ஜனவரி 12 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது அது களத்துக்கு வந்தது. உதவி நிறுவனங்களின் பட்டியலும் மருத்துவமனைகளின் நிலையும் அதில் பதிவாயின. அதுவே பின்னர் ஈடன் என்ற பெயர் பெற்றது. பழைய பிஎச்பி வழி அகஸ்தி என்ற பெயரில் தொடர்ந்தது. அதற்குள்ளேயே எரிமலைப் பெயர்கள் தாங்கிய கிளைகள் உருவாயின. தொடக்க நிரல் கிரகடோவா. நியூயோர்க் நகரின் புயற்கால முகாம் ஏற்பாட்டுக்காக வளர்ந்தது மேயோன். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் காணாமற்போனோர் தேடலை ஒட்டி வளர்ந்தது வெசூவியஸ். ஒவ்வொன்றுக்கும் வேறு பயனாளர், வேறு நிதி. உரிமமும் ஒன்றல்ல: பிஎச்பி வழி எல்ஜிபிஎல் உரிமத்தையும், ஈடன் அதைவிடக் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தையும் கொண்டது.

அறக்கட்டளை ஒரு வழியைத் தெரிந்து மற்றதை மூடவில்லை. இரண்டையும் ஒரே குடைக்கீழ் வைத்து, தனித்தனிக் குழுக்களிடம் விட்டது. பெயருக்கான சண்டையும் வெளியேற்றமும் இதனால் தவிர்க்கப்பட்டன. விலையும் இருந்தது. ஏற்கெனவே சிறிதான சமூகத்தின் உழைப்பு பங்கு பிரிந்தது. முகாம் பதிவு போன்ற ஒரே வேலை இரு மொழிகளில் இருமுறை எழுதப்பட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியியலாளர் படையை வைத்துள்ள திட்டம் இதைத் தாங்கும். தொண்டர்களை நம்பிய திட்டத்துக்கு இது பெருஞ்சுமை. காலப்போக்கில் ஈடனே முதன்மை வழியாயிற்று. ஆசிய பசிபிக் செஞ்சிலுவைச் சங்கங்களும் ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கமும் அதைப் பயன்படுத்தின.

மற்றத் திட்டங்களில் இதே நெருக்கடி வேறு முடிவுகளைக் கண்டது. 1997இல் குனு தொகுப்பியிலிருந்து பிரிந்த குழுவின் நிரலே 1999இல் அதிகாரபூர்வ வழியாக ஏற்கப்பட்டது. ஓரக்கிளின் கைக்குப் போன ஓப்பன்ஆபிஸிலிருந்து 2010இல் லிப்ரேஆபிஸ் பிரிந்தது. அவை மீண்டும் சேரவேயில்லை. பைதானை உருவாக்கிய குய்டோ வான் ரொசம், ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய கடும் விவாதத்தால் சோர்ந்து 2018 ஜூலையில் தலைமையைத் துறந்தார். அச்சமூகம் வாக்கெடுத்து, 5 பேர் கொண்ட வழிநடத்தற் சபையை 2019இல் அமர்த்தியது. இம்மூன்றிலும் முடிவைத் தந்தது வாதத்தின் வலிமை மட்டுமன்று; பராமரிப்போர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும்.

இந்த ஆட்சிமுறைகள் எல்லாவற்றிலும் ஒரு தரப்பு விடுபட்டே வந்துள்ளது: நிரல் எழுதாமல் அதைப் பயன்படுத்துவோர். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், சுனாமியின் படிப்பினையிலிருந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு வழிசெய்தது. மாவட்டங்கள்தோறும் அதன் அலகுகள் உள்ளன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ளவையாகக் குறிக்கும் மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. இரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்க கோறளைச் சரிவுகளில் பெருமழைக் காலத்தில் இடம்பெயரும் குடும்பங்களைப் பதிவது கிராம உத்தியோகத்தரின் வேலை. அப்பதிவுப் படிவத்தில் தோட்ட லயன் வரிசைக்கு இடமுண்டா, பெயரைத் தமிழில் தட்டச்சிட்டால் தேடலில் கிடைக்குமா என்பவற்றை அவரே அறிவார். வாக்களிக்கும் குழுவில் அவர் இல்லை. திறந்த மூல ஆட்சிமுறையின் உண்மையான குறை இதுதான். நிரலாளர்களிடையேயான நிரல்மொழிச் சண்டைகளைவிட இது பெரிது.

இதற்கு மாற்று வழி ஒன்று சுகாதாரத் துறையில் தெரிந்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் மையமாக நின்று வளர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூலச் சுகாதாரத் தரவு மென்பொருளில், 2020 ஜனவரியில் இலங்கைக் குழு ஒன்று சுகாதார அமைச்சுடன் சேர்ந்து கொவிட் கண்காணிப்புக்கான பகுதியை உருவாக்கியது. விமான நிலையத்தில் பயணிகளைப் பதியும் தேவையிலிருந்து அது தொடங்கியது. பின்னர் பல நாடுகள் அதைத் தழுவின. அடிநிரலின் முடிவுகள் ஒஸ்லோவில் எடுக்கப்பட்டன. படிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இங்குள்ள மருத்துவத் தகவலியலாளர்களே தீர்மானித்தனர். மையம் தொலைவில் இருந்தும், களத்தை அறிந்தவர்களிடம் ஒரு பகுதி அதிகாரம் இருந்தது.

ஈடனின் எம்ஐடி உரிமப்படி எந்த மாவட்டச் செயலகமும் எவரிடமும் அனுமதி கேட்காமல் அந்நிரலை எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். அம்மாற்றங்களை மூலத் தொகுதியில் ஏற்பதா என்பதை மட்டும் அதன் பராமரிப்பாளர்களே தீர்மானிப்பர்.