சுவரில் எதை மாட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

1969 ஜனவரி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் வாசலில் கறுப்பின ஓவியர்கள் பதாகைகளோடு மறியல் செய்தார்கள். உள்ளே வைக்கப்பட்டதோ கறுப்பின மக்களைப் பற்றிய கண்காட்சிதான்: 'ஹார்லெம் ஆன் மை மைண்ட்'. பிறகு ஏன் மறியல்?

ஹார்லெமின் வாழ்க்கையைப் புகைப்படங்களாலும் ஒலிப்பதிவுகளாலும் சொன்ன அந்தக் கண்காட்சியில், ஹார்லெம் ஓவியர், சிற்பி ஒருவரின் படைப்புகூட இல்லை. ரோமாரே பியர்டனும் ஜேக்கப் லாரன்ஸும் அப்போது அதே நகரத்தில்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். கறுப்பின மக்கள் அங்கே காட்சிப்பொருளாக நுழையலாம். ஓவியராக நுழைய முடியாது. கண்காட்சியை வடிவமைத்த க்யூரேட்டர் ஒரு வெள்ளையர். பென்னி ஆண்ட்ரூஸ் உள்ளிட்டோர் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். 'எங்கள் படத்தை மாட்டு' என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. 'எதை மாட்டுவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் எங்களையும் உட்கார வை' என்றார்கள். 1971இல் விட்னி அருங்காட்சியகம் கறுப்பின க்யூரேட்டர் இல்லாமலே கறுப்பினக் கலைக் கண்காட்சி நடத்தியபோது, பலர் தங்கள் படைப்புகளைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே விட்னியில் 1994இல் 'பிளாக் மேல்' கண்காட்சியை அமைத்தவர் தெல்மா கோல்டன். 29 வயது கறுப்பினப் பெண். அமெரிக்கக் கலையும் ஊடகமும் கறுப்பின ஆணை எப்படியெல்லாம் சித்தரித்தன என்பதையே அவர் கேள்வியாக்கினார். கறுப்பினத்தவர்களிடமிருந்தே கடும் விமர்சனமும் வந்தது. வரட்டுமே! நம் பிம்பத்தைப் பற்றி நமக்குள் சண்டை போடும் உரிமையும் ஓர் உரிமைதான். 2005இல் அவர் ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகத்தின் இயக்குநரானார்.

இது யாரோ ஒருவரின் கதை அல்ல, தோழர்களே. நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை பொறுப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளில் நம் முன்னோர் படங்களாக இருக்கிறார்கள். படத்தின் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை.

பெயரில்லாமல் படமாவது ஒரு வரலாறு. அதை மாற்ற அருங்காட்சியகம் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு டிரங்குப் பெட்டியில் பாட்டியின் பழைய படம் இருந்தால் எடுங்கள். பின்பக்கத்தில் அவர் பெயரை, ஊரை, செய்த வேலையை, போட்ட சண்டையை எழுதுங்கள். பிறகு சேரியின் பொதுச் சுவரில் மாட்டுங்கள். நம் முதல் கண்காட்சி அதுவாக இருக்கட்டும்.

ஜெய் பீம்.